உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் வியட்நாமிய மளிகைக் கடைகளில் பார்த்தவுடன் கண்ணில் படும் மஞ்சள் காபி டின் வியட்நாமிலிருந்து வந்ததல்ல. அது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சரக்கு!

• 1862 முதல் அங்கே நடந்துவரும் ‘கஃபே து மோந்த்’ கடையின் காபித்தூள் அது. நம் ஃபில்டர் காபியில் சேரும் அதே சிக்கரி இதிலும் உண்டு. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபின் நியூ ஆர்லியன்ஸுக்கு அகதிகளாக வந்த வியட்நாமியர் சிலருக்கு அந்தக் கடையிலேயே வேலை கிடைத்தது. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் பழக்கிவிட்ட கரிய, கசப்பான காபிக்கு நெருங்கிய சுவை அவர்களுக்கு அந்தத் தூளில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் வியட்நாமியர் வாழும் ‘லிட்டில் சைகோன்’ பகுதிக் கடை அலமாரிகளிலும் இன்று கன்டென்ஸ்டு மில்க் டின்னோடு அதைப் பார்க்கலாம்.

• பச்சை மூடி, சேவல் படம் போட்ட ‘ஸ்ரீராச்சா’ மிளகாய் சாஸும் அமெரிக்கத் தயாரிப்பே. வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் டிரான் 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது அந்த நிறுவனம். வியட்நாமிலிருந்து தம்மை ஏற்றிச்சென்ற ‘ஹுவே ஃபாங்’ கப்பலின் பெயரையே அதற்குச் சூட்டினார். எவ்வளவு அழகான நன்றிக்கடன்! சேவல், அவர் பிறந்த 1945-ஆம் ஆண்டுக்குச் சீன நாட்காட்டியில் உரிய ராசி விலங்கு.

• அதே கடைகளில் விற்கும் ‘மூன்று நண்டு’ என்ற பெயருள்ள மீன் சாஸில் நண்டே கிடையாது. அதன் அடிப்படை உப்பில் ஊறிய நெத்திலியின் சாறு. தயாராவது தாய்லாந்தில்.