"100% நேச்சுரல்" நீலக் கல்லுக்கு 1,999 ரூபாய் கொடுக்கலாமா?



சம்பளம் கிரெடிட் ஆன வாரம் பார்த்து ஒரு விளம்பரம் வரும். பளீர்னு நீலக் கலர்ல அகேட் பிரேஸ்லெட். "100% நேச்சுரல். 4,999 இல்ல, இன்னைக்கு மட்டும் 1,999!" பணம் கட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் கலர் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடலாம்.

அகேட் ஒரு குவார்ட்ஸ் வகை, அதாவது சிலிக்கா. எரிமலைக் குழம்பு இறுகும்போது வாயுக் குமிழ்கள் இருந்த இடம் பொந்தாக நின்றுவிடும். சிலிக்கா கரைந்த நீர் அதற்குள் கசிந்து, அடுக்கடுக்காகப் படியும். நீங்க பார்க்கிற பட்டைகள் அதுதான். சுத்தமான சிலிக்காவுக்கு நிறமே கிடையாது. கலர் கொடுப்பது கொஞ்சூண்டு கலப்பு:

• சிவப்பு: ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு
• மஞ்சள், பழுப்பு: நீர் சேர்ந்த இரும்புத் தாதுவான கோதைட்
• கருப்பு: பெரும்பாலும் மாங்கனீஸ் ஆக்சைடு

அப்போ பளீர் நீலம், ரோஸ், ஊதா? பெரும்பாலும் சாயம்தான். மென்மையான வெளிர் நீலம் இயற்கையிலும் உண்டு. ஒவ்வொரு பட்டையிலும் நுண்துளைகளின் அளவு வேறு. அதனால் சாயமும் ஏற்ற இறக்கமாக ஏறி, அசல் மாதிரியே தெரியும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரில் 19ஆம் நூற்றாண்டிலேயே இது பெரிய தொழில். கருப்பு ஓனிக்ஸுக்கு, கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். சர்க்கரை கரியாகி, கல் கருப்பாகும்.

நம்ம குஜராத் கம்பாத்தில் கல்லைச் சூடுபடுத்துவது பழைய வழக்கம். சூட்டில் கோதைட் நீரை இழந்து ஹெமடைட் ஆக, பழுப்புக் கல் சிவப்பு கார்னீலியன் ஆகிறது.

சாயம் போடுவது மோசடி இல்லை. சொல்லாமல் விற்பதுதான் மோசடி. இப்போ நம்ம கணக்குக்கு வருவோம்:

1. "சாயம் ஏற்றியதா, சூடுபடுத்தியதா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்க. எழுதித் தர மறுத்தா, "நேச்சுரல்" என்ற சொல்லுக்குக் கூடுதலா ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.
2. தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கு, தினசரி ரேட் இருக்கு. அகேட்டுக்கு ரெண்டும் இல்லை. திருப்பி விற்கப் போனா கையில என்ன கிடைக்கும்னு சொல்லவே முடியாது.
3. அதனால இது முதலீடு இல்லை, செலவு. எஸ்ஐபி பணத்துல கை வைக்காதீங்க, இஎம்ஐ வேண்டவே வேண்டாம்.

கல் அழகா இருக்கா, பட்ஜெட்ல இடம் இருக்கா? தாராளமா வாங்குங்க. அழகுக்கு மட்டும் காசு கொடுங்க, கதைக்குக் கொடுக்காதீங்க.