கேஸ் ஸ்டடி என்பது அளவெடுப்பது மட்டும்தானா?



ஆர்க்கிடெக்சர் டிப்ளமோ படிக்கும் நமக்குக் கேஸ் ஸ்டடி என்றாலே ஒரு பழக்கம் உண்டு. டேப்பைப் பிடி, அளவெடு, நாலு போட்டோவை ஷீட்டில் ஒட்டு, மார்க் வாங்கு! நானும் அப்படித்தான் இரண்டாம் ஆண்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வராந்தா எட்டடி அகலம். என் டிசைனிலும் அதே எட்டடி போட்டேன்.

"அந்த வராந்தாவில் யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டார் சார். நான் முழித்தேன்.

மறுபடி சாயங்காலமாகப் போனேன். வராந்தா நெடுகப் பாய் விரித்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் ஒவ்வொருவராக எழுப்பி வழி கேட்டார். ஒரு அம்மா சொன்னார்: "வேற எங்க தம்பி போறது? எங்களுக்குன்னு இடம் எங்க இருக்கு?" எட்டடியில் ஐந்தடி பாய்களுக்கே போய்விட்டது. அளவோடு சேர்த்துக் குறையையும் நான் காப்பியடித்திருந்தேன்!

அப்போது சார் சொன்ன உதாரணம், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் புரூயிட்-ஐகோ குடியிருப்பு. மினோரு யமசாகி வடிவமைத்த 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 தளம். 1954-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். லிஃப்ட் 1, 4, 7, 10 ஆகிய தளங்களில்தான் நிற்கும். அங்குள்ள நீண்ட பொது வராந்தாக்களில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்று எண்ணினார்கள். நடந்ததோ வேறு, ஜனங்கள் அங்கே நடக்கவே பயந்தார்கள். 1972-இல் இடிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் எல்லாம் தரைமட்டம்.

ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் இதை ஆராய்ந்தார். இரண்டே குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட மாடிப்படி முகப்பு சுத்தமாக இருந்தது. இருபது குடும்பங்களுக்குப் பொதுவான வராந்தா பாழாகிக் கிடந்தது. எதிரே ஏழைகளே வாழ்ந்த தாழ்வான வரிசை வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. பராமரிப்புக்குப் பணமில்லாததும் ஒரு காரணம்தான். பழி முழுவதையும் வரைபடத்தின் மேல் போடக்கூடாது.

ஆகவே நண்பர்களே, ஒரே கட்டடத்துக்கு இரண்டு வேளைகளில் போங்கள். கூட்டிப் பெருக்குகிறவரிடமும் கேளுங்கள். அதே மாதிரி இன்னொரு கட்டடத்தோடு ஒப்பிடுங்கள்.

என் டிசைனை மாற்றினேன். வராந்தாவை ஒட்டிக் கூரை போட்ட திண்ணையும், ஒரு தண்ணீர்க் குழாயும் சேர்த்தேன். எட்டடியும் இப்போது ஸ்ட்ரெச்சருக்கே!