வெங்காயக் கொட்டிலுக்குத் தகர முகட்டுக் காற்றுவழி

தகரக் கூரையின் கீழ்த் தொங்கவிடப்படும் விதைவெங்காயம் பகலில் வெப்பத்தால் வதங்கும். இரவில் குளிர்ந்த தகரத்திற் படிந்து சொட்டும் நீரால் அழுகும். முகட்டில் தேங்கும் சூடான ஈரக்காற்றே இரண்டிற்கும் காரணம். அதற்கு வழிவிடின் கமக்காரரின் விதை பிழைக்கும்.

அமைக்கும் முறை:

1. முகட்டு வளையின் இருபுறமும் கூரைத் தகட்டை 2 அங்குலம் வெட்டி வெளிவிடுக.

2. 24 அங்குல அகலமான தட்டைத் தகட்டை நடுவில் மடித்து, 4 அங்குல உயரக் கட்டைகளின்மேல் வைத்துத் திருகாணியாற் பூட்டுக. விளிம்பு இருபுறமும் வெளியைக் கடந்து 8 அங்குலமாவது நீண்டிருப்பின் தூவானம் உட்புகுதல் குறையும்.

3. பக்க இடைவெளிகளைக் கால் அங்குலக் கம்பிவலையால் மூடுக. எலியும் பறவையும் நுழையா.

4. சுவரின் அடியில், மேல்வெளிக்குக் குறையாத பரப்பில் வலையிட்ட துவாரங்கள் வைக்குக. கீழே காற்றுப் புகாவிடின் மேலே வெளியேறாது.

வலையிற் படியும் தூசியை அடிக்கடி தட்டிவிடல் வேண்டும்.