அரைக்கும் முன்பே கணக்கு: பொடி வியாபாரத்துக்கும் கம்ப்யூட்டர்

கடையோடு சேர்த்து மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடும் வணிகர்கள் தென்காசி வட்டாரத்தில் நம்மில் பலர் உண்டு. குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பலரும் பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். ஆனால் எத்தனை கிலோ அரைப்பது, மல்லி எப்போது வாங்குவது என்பதெல்லாம் இன்னும் முதலாளியின் மனக்கணக்கில்தான் நடக்கிறது.

மனக்கணக்கு தவறினால் நஷ்டம் இரண்டு வழியில் வரும். அதிகம் அரைத்தால் பணம் மூட்டையில் முடங்கும், தேதி போன பாக்கெட்டுகள் திரும்பி வரும். குறைவாக அரைத்தாலோ சில்லறைக் கடைக்காரர் வெளியூர்க் கம்பெனிப் பொடியை அடுக்கிவிடுவார். அந்த இடத்தைத் திரும்பப் பிடிப்பது லேசான காரியமல்ல.

பெரிய ஆலைகள் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் எப்போதோ கொடுத்துவிட்டன. அமெரிக்காவில் மின்கருவிகள் செய்யும் பிளாக் அண்ட் டெக்கர் 1964-லேயே தொடங்கியது. ஜோசப் ஆர்லிக்கி 1975-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். சூட்சுமம் எளியது: சப்ளை செய்ய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது.

15-ம் தேதி 100 கிலோ சாம்பார்பொடி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் 30 கிலோ இருக்கிறது. அரைக்க வேண்டியது 70. பத்துக் கிலோவுக்கு மல்லி 5 கிலோ என்றால் 35 கிலோ தேவை. குடோனில் 20 இருக்க, வாங்க வேண்டியது 15 கிலோ மட்டுமே. அரைத்துப் பாக்கெட் போட ஒரு நாள், காயவைக்க இரண்டு நாள், விருதுநகரிலிருந்து சரக்கு வர மூன்று நாள். ஆகவே 9-ம் தேதியே ஆர்டர் போயாக வேண்டும். ஒரு பொடிக்கு இதை விரல்விட்டே எண்ணலாம். பன்னிரண்டு பொடிகளுக்கும் மல்லியும் மிளகாயும் பொதுவாக இருக்கும்போதுதான் தலை சுற்றுகிறது. கம்ப்யூட்டர் உதவுவதும் அங்கேதான்.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. நம்மில் பலர் கணக்கெழுதும் டேலியிலேயே, ஒரு பொருளுக்கு இன்னின்ன மூலப்பொருள் இவ்வளவு என்று பதிந்துவைக்கும் வசதி இருக்கிறது. உற்பத்தியைப் பதிவு செய்தால் மூலப்பொருள் இருப்பு தானே குறையும். அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்களே அதிகம் என்பது நம் அனுமானம். சரக்கு இருப்புக்கான மென்பொருளை உலகுக்கெல்லாம் விற்கும் ஸோஹோ நிறுவனமும் 2011 முதல் நம் மத்தளம்பாறையில்தான் அலுவலகம் நடத்துகிறது!

குற்றாலத்துக் கதை கொஞ்சம் வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன், பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். போன வருட விற்பனையை வாரவாரியாகப் பதிந்திருந்தால் காய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் உத்தேசம் கிடைக்கும். ஆனால் அருவியில் தண்ணீர் விழுமா, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்களா என்பது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எனவே எண்ணெயை முன்கூட்டி வாங்கலாம். காயை இரண்டு நாள் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

தொடங்குகிறவர்கள் அதிகம் விற்கும் ஒரே ஒரு பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். காயவைப்பதிலும் புடைப்பதிலும் போகும் கழிவை எடை போட்டு அளவில் சேருங்கள். வாரம் ஒரு முறை குடோன் மூட்டைகளை எண்ணி, திரையில் காட்டும் இருப்போடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு அடுத்த பொடிக்குப் போகலாம்.