கிணறும் கண்மாயும்: ஈட்டுப் பொறுப்பின் எல்லை

ஒரு செயலின் விளைவுகள் சங்கிலிபோல் நீள்கின்றன. ஈட்டுப் பொறுப்பும் (ளமான்) அவ்வாறே முடிவின்றி நீளுமா? ஃபிக்ஹு நூலார் இதற்கு எல்லை வகுத்துள்ளனர். நேரடியாகக் கேடு விளைத்தவர் 'முபாஷிர்'. அதற்கு வழிவகுத்தவர் 'முதஸப்பிப்'. பின்னவரிடம் அத்துமீறல் இருந்தாலன்றி அவர் பொறுப்பாகார். பொதுவழியில் ஒருவர் தோண்டிய கிணற்றில் பிறரது கால்நடையை வேறொருவர் தள்ளினால், தள்ளியவரே ஈடு செய்ய வேண்டும். இது உதுமானியர் தொகுத்த 'மஜல்லா'வின் 90ஆம் விதி. மார்க்கம் அனுமதித்த செயலுக்கு ஈட்டுக் கடன் இல்லை என்பது 91ஆம் விதி: தன் நிலத்தில் தோண்டிய கிணற்றில் பிறர் கால்நடை தானே விழுந்தால் உரிமையாளர் பொறுப்பாகார்.

கண்மாய்களை நம்பி வாழும் நம் சிவகங்கைச் சீமையினர்க்கு 1874ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இதனை நன்கு விளக்கும். பெருமழையில் கார்வேட்டிநகர ஜமீனின் ஏரிகள் உடைந்து, மதராஸ் ரயில்வேயின் பாலங்களை அழித்தன. பழைமையான அவ்வேரிகளைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை. அவர்பால் கவனக்குறைவும் இல்லை. ஆகவே ஈடு இல்லை என்றது இலண்டன் பிரிவி கவுன்சில்.

எனினும், அனுமதி நீங்கினால் விலக்கும் நீங்கும். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை நிரப்பி மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டது. அதன்பின்னும் திறந்துகிடக்கும் குழியில் குழந்தையொன்று விழுமாயின், 'என் நிலம்' என்னும் வாதம் நில்லாது. மூடாமல் விட்டதே அத்துமீறலாகும்; ஈட்டுக் கடன் உரிமையாளரையே சாரும் என்பது நமது துணிபு.