மழையூரில் காயும் கண்கள்

தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. தீபகற்ப மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர் அது. ஈப்போவும் சளைத்ததல்ல, துவைத்துப் போட்ட துணி கொடியிலேயே ஈரத்தோடு கிடக்கும். இப்படிப்பட்ட பேராக்கில்தான் கண் உறுத்துகிறது, எரிகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது என்று பலரும் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். "கண் வறட்சி" என்று அவர் சொன்னால் நம்ப முடிவதில்லை. கன்னத்தில் கண்ணீர் வழியும்போது வறட்சி எப்படி வரும்?

கருவிழியின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 3 மைக்ரான்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. கண்ணோடு ஒட்டிப் பிடிக்க அடியில் சளிப்பொருள், அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய் ஏடு. அந்த ஏடு கிழிந்தால், சுற்றிலும் ஈரக்காற்று இருந்தாலும், அடியிலுள்ள நீர் விரைவாக ஆவியாகிவிடும். குளிர்சாதன அறையில் இன்னும் வேகமாக. எரிச்சலை உணர்ந்த கண் பதறிப்போய்த் தண்ணீரை அள்ளி இறைக்கிறது. எண்ணெய் இல்லாத அந்தத் தண்ணீர் கண்ணில் தங்காமல் வழிந்து ஓடுகிறது. வறட்சியால் அவதிப்படும் பெரும்பாலோருக்கு இந்த எண்ணெய்தான் குறை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? 1666-இல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் விரிவாக எழுதிவைத்த சுரப்பிகளிலிருந்து. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால், இமைமயிருக்குப் பின்னால் அவற்றின் வாய்கள் புள்ளி புள்ளியாக வரிசையில் தெரியும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அவற்றிலிருந்து துளி எண்ணெய் பிதுங்குகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைப்பவர் கைப்பேசியைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை.

இமை அழற்சி வந்தால் அந்த எண்ணெய் கெட்டியாகி வாயை அடைத்துக்கொள்ளும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முந்திய நாள் வெட்டுக்கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பிறகுதானே உளியை வைப்பார்கள், பால் மங்குக்கு இறங்கும்? இமைக்கு உளி வேண்டாம், சூடு போதும். சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பில் பத்து நிமிடம் ஒத்தடம், பிறகு இமையோரத்தை மெல்ல நீவிவிடுதல், பிறகு துடைத்தல். வெந்நீரில் நனைத்த துணி இரண்டொரு நிமிடத்தில் ஆறிவிடும், அதனால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். இதை ஒரு வாரம் செய்துவிட்டுப் பலன் இல்லையென்று விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இது பல் துலக்குவதைப்போல நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை.

முகத்தில் கரப்பான் (எக்சிமா) உள்ளவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பு. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் கோளாறு எக்சிமாவுக்கு வலுவான காரணம் என்று காட்டியது. தோலின் மேல்சுவரை இறுக்கிக் கட்டும் புரதம் அது. அது குறைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலுள்ள வேண்டாதவை உள்ளே நுழையும். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதனால் கையில் பட்டது கையைத் தாக்காமல் இமையைத் தாக்குவதுண்டு. நகப்பூச்சும் முடிச்சாயமும் இதற்குப் பெயர்பெற்றவை. ரப்பர் கையுறையில் தங்கிவிடும் தையுராம் போன்ற ரசாயனங்களும் அப்படித்தான். கையுறையைக் கழற்றிய விரலால் கண்ணைக் கசக்கினால் போதும்.

1877-இலேயே கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றிய மாநிலம் பேராக். தோட்டத்து ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும், அதைக் கெடாமல் வைக்கும் அம்மோனியாவும் கண்ணைக் கரிக்கும். மருந்தடிக்கப் போன பெண்கள் பட்டது அதைவிட மோசம். முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் களைக்கொல்லி தோலையும் கண்ணையும் புண்ணாக்கக் கூடியது. மலேசியா அதை முழுமையாகத் தடை செய்தது 2020 ஜனவரி 1-இல்தான். அந்தத் தலைமுறையைப் பொறுத்தவரை மிகத் தாமதமான தடை என்றே சொல்வேன். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஈப்போவின் புந்தோங்கிலும் தொழிற்பேட்டைகளிலும் இருக்கிறார்கள்; கண்ணுக்கு எதிரே திரை, தலைக்கு மேலே ஏர்கோன். 2015, 2019 ஆண்டுகளில் வந்ததுபோல் புகைமூட்டம் சூழ்ந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரிப்பு தாங்காமல், யாரோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் இமையில் தடவாதீர்கள். உடனே சுகம் தெரியும்; ஆனால் கண்ணழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு தேயலாம், கண்புரையும் வரலாம். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். சொட்டுமருந்தை அடிக்கடி விடுபவர்கள், பதப்படுத்தும் பொருள் சேர்க்காத சிறு குப்பிகளையே வாங்குவது நல்லது.

தோலும் கண்ணும் எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரு புது மருந்து காட்டியது. கடும் எக்சிமாவுக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி பலரின் முகத்தைத் தெளிவாக்குகிறது. ஆனால் சிலருக்குக் கண் சிவந்து இமை வீங்குகிறது. கண்ணீரின் அடிச்சளியைச் சுரக்கும் செல்களுக்குத் தேவையான ஒரு சமிக்ஞையை அது தடுப்பதால் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். வியப்பு என்னவென்றால், அதே ஊசியை ஆஸ்துமாவுக்குப் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை கூடவில்லை. எக்சிமாக்காரரின் கண் முன்பே புகைந்துகொண்டிருந்திருக்கலாம். ஆகவே தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், கண் எரிகிறதா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள்.