ஆங்கிலத்தில் வினை, இட், பெயர் உரிச்சொல், டு-வினை சேர்ந்த வாக்கிய அமைப்பு

ஒரு வினைச்சொல்லைத் தொடர்ந்து 'இட்' என்னும் பிரதிப்பெயரும், பெயர் உரிச்சொல்லும், 'டு' சேர்ந்த வினைவடிவமும் அதே வரிசையில் வரும் அமைப்பு ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் வாக்கிய அமைப்புகளுள் ஒன்றாகும். 'ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு வேக் அப் ஏர்லி' என்பது இதற்கு எடுத்துக்காட்டு. 'அதிகாலையில் எழுவது எனக்குக் கடினமாக இருக்கிறது' என்பது இதன் பொருள். தமிழில் இதற்கு நேரான அமைப்பு இல்லை. எனவே தமிழ்வழி மாணவர்கள் இதில் 'இட்' என்பதை விட்டுவிடுவதும், எழுவாயை மாற்றிவிடுவதும் உண்டு. சில இடங்களில் இப்பிழை வாக்கியத்தின் பொருளையே தலைகீழாக்கிவிடும்.

அமைப்பு

இவ்வாக்கியத்தில் ஐந்து உறுப்புகள் உள்ளன.

• எழுவாய்: ஐ
• வினை: ஃபைண்ட்
• பிரதிப்பெயர்: இட்
• பெயர் உரிச்சொல்: டிஃபிகல்ட்
• டு-வினைத் தொடர்: டு வேக் அப் ஏர்லி

இங்கு 'இட்' என்பது 'அது' என்று எந்தப் பொருளையும் சுட்டவில்லை. பின்னால் வரப்போகும் 'டு வேக் அப் ஏர்லி' என்னும் தொடருக்காக முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறது. உண்மையான செயப்படுபொருள் அந்த டு-வினைத் தொடரே ஆகும்.

'இட்' தேவைப்படுவதன் காரணம்

ஆங்கிலத்தில் வினைக்கு அடுத்துச் செயப்படுபொருளும், அதன் பின் அதன் தன்மையைக் கூறும் சொல்லும் வரும். 'ஐ ஃபவுண்ட் தி ரூம் எம்ப்டி' (அறை காலியாக இருக்கக் கண்டேன்) என்பதில் 'தி ரூம்' செயப்படுபொருள். 'எம்ப்டி' அதன் தன்மை. 'தி ரூம்' இருக்கும் இடத்தில் டு-வினைத் தொடரை வைத்தால் 'ஐ ஃபைண்ட் டு வேக் அப் ஏர்லி டிஃபிகல்ட்' என்றாகும். இது ஆங்கிலத்தில் வழங்குவதில்லை. நீண்ட தொடர்களை வாக்கியத்தின் இறுதியில் வைப்பது அம்மொழியின் இயல்பு. ஆகவே தொடர் கடைசிக்குச் செல்கிறது; காலியான இடத்தை 'இட்' நிரப்புகிறது.

தமிழில் வினை இறுதியில் வருவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. 'அதிகாலையில் எழுவதைக் கடினமாகக் கருதுகிறேன்' என்னும்போது 'எழுவது' என்னும் தொழிற்பெயர் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்றுத் தானே செயப்படுபொருளாகிவிடுகிறது. இடம் பிடிக்க வேறு சொல் வேண்டியதில்லை. 'மழை பெய்கிறது' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'இட் இஸ் ரெயினிங்' என்று சொல்வதும் இதே வேறுபாட்டின் இன்னொரு முகமே.

இவ்வமைப்பை ஏற்கும் வினைகள்

எல்லா வினைகளும் இவ்வமைப்பில் வருவதில்லை. பெரும்பாலும் வருபவை மூன்று வகைப்படும்.

• அனுபவத்தால் அறிதல் (ஃபைண்ட்): 'ஷி ஃபவுண்ட் இட் ஈஸி டு லேர்ன் தமிழ்.' தமிழ் கற்பது எளிது என்பதை அவள் கற்றுப்பார்த்து உணர்ந்தாள்.
• கருதுதல் (திங்க், கன்சிடர், ஃபீல், டீம்): 'தே தாட் இட் வைஸ் டு வெயிட்.' காத்திருப்பதே அறிவுடைமை என்று அவர்கள் எண்ணினார்கள். 'டீம்' என்பது அலுவலகக் கடிதங்களிலும் சட்ட ஆவணங்களிலும் வரும் சொல்.
• ஆக்குதல் (மேக்): 'தி ரெயின் மேட் இட் இம்பாசிபிள் டு ப்ளே.' மழையால் விளையாட முடியாமற் போயிற்று.

பெயர் உரிச்சொல் நிற்கும் இடத்தில் பெயர்ச்சொல்லும் வரலாம். 'ஹி மேட் இட் எ ரூல் டு வாக் டெய்லி' என்றால், நாள்தோறும் நடப்பதை அவர் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டார் என்று பொருள்.

செயலைச் செய்பவர் யார்?

'ஃபைண்ட்' போன்ற வினைகளில், வேறு குறிப்பு இல்லையெனில், பெரும்பாலும் எழுவாயே டு-வினையையும் செய்பவர். 'மேக்' வினையில் அப்படியன்று. 'தி நாய்ஸ் மேட் இட் ஹார்ட் டு ஸ்லீப்' என்பதில் தூங்க முயன்றது சத்தம் அல்ல, அங்கிருந்தவர்கள். யார் என்று குறிக்க வேண்டுமானால் 'ஃபார்' சேர்க்க வேண்டும்: 'தி நாய்ஸ் மேட் இட் ஹார்ட் ஃபார் மி டு ஸ்லீப்.' அந்தச் சத்தத்தில் எனக்குத் தூங்குவது கடினமாயிற்று என்பது பொருள்.

பொருளை மாற்றும் பிழை

கீழ்வரும் இரண்டு வாக்கியங்களை ஒப்புநோக்குக.

• ஹி ஃபைண்ட்ஸ் இட் ஹார்ட் டு ஹியர். (அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.)
• ஹி இஸ் ஹார்ட் டு ஹியர். (அவர் பேசுவது பிறருக்குக் கேட்கவில்லை.)

தமிழ் தெரியாத மருத்துவரிடம் ஒருவர் தம் தந்தையைப் பற்றி இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால், குறை செவியிலன்றிக் குரலில் இருப்பதாகவே மருத்துவர் புரிந்துகொள்வார். நேர்முகத் தேர்வில் 'எனக்குப் புரிவது கடினமாக உள்ளது' என்னும் கருத்தில் 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்' என்றால், 'என்னைப் புரிந்துகொள்வது கடினம்' என்றாகிவிடும். 'ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்' என்பதே சரி. 'எனக்கு' என்பதை 'ஐ ஆம்' என்று பெயர்ப்பதே இப்பிழையின் வேர். தமிழில் நான்காம் வேற்றுமையில் வரும் 'எனக்கு' இவ்வமைப்பில் 'ஐ ஃபைண்ட் இட்' என்று மாற வேண்டும்.

இவ்வகை வாக்கியங்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் எளிதானவை அல்ல. அமெரிக்க மொழியியலாளர் கேரல் சாம்ஸ்கி 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1969இல் நூலாக வெளியிட்டார். கண்கள் கட்டப்பட்ட பொம்மை ஒன்றைக் காட்டி, 'இந்தப் பொம்மை பார்க்க எளிதானதா, கடினமானதா?' என்று ஆங்கிலத்தில் கேட்டார். இளைய குழந்தைகள் பலர் 'கடினமானது' என்றனர். பார்க்கப்படுவது பொம்மை என்பதை விட்டு, பார்ப்பதே பொம்மை என்று எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம்.

பிற பிழைகள்

1. 'இட்' விடுபடுதல்: 'ஐ ஃபைண்ட் டிஃபிகல்ட் டு ஸ்பீக்' என்பது பிழை. 'ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு ஸ்பீக்' என்பது சரி.

2. வினை உரிச்சொல்லைப் பயன்படுத்துதல்: தமிழில் 'எளிதாக' என்னும் ஒரே வடிவம் 'எளிதாக எழுதினான்' என்பதிலும் 'எளிதாகக் கருதினான்' என்பதிலும் வருகிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ஈஸிலி', பின்னதற்கு 'ஈஸி'. 'ஐ ஃபவுண்ட் தி புக் ஈஸி' என்றால் புத்தகம் எளிமையாக இருந்தது. 'ஐ ஃபவுண்ட் தி புக் ஈஸிலி' என்றால் தேடிய புத்தகம் சிரமமின்றிக் கிடைத்தது.

3. 'இஸ்' சேர்த்தல்: 'ஐ ஃபைண்ட் இட் இஸ் டிஃபிகல்ட் டு ஸ்பீக்' என்பது பிழையன்று, அது வேறோர் அமைப்பு. ஆனால் 'மேக்' வினையுடன் 'இஸ்' வராது. 'தி ரெயின் மேட் இட் இஸ் இம்பாசிபிள்' என்பது பிழை.

4. 'மேக்' வினையில் 'டு' குழப்பம்: 'ஹி மேட் மி லாஃப்' (என்னைச் சிரிக்க வைத்தான்) என்பதில் 'டு' வராது. 'ஹி மேட் இட் ஈஸி டு லாஃப்' என்பதில் 'டு' கட்டாயம் வரும். இடையில் பெயர் உரிச்சொல் இருப்பதே வேறுபாடு.

5. தேவையற்ற இடத்தில் 'இட்': இறுதியில் டு-வினைக்குப் பதிலாகப் பெயர்ச்சொல் வந்தால் 'இட்' வராது. 'தி பிரிட்ஜ் மேட் இட் பாசிபிள் டு கிராஸ் தி ரிவர்' என்பது சரி. 'தி பிரிட்ஜ் மேட் பாசிபிள் எ குயிக் ஜர்னி' என்பதும் சரி.

வரலாறு

டென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கில இலக்கண அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் (1860–1943), முன்கூட்டியே இடம் பிடிக்கும் இந்த 'இட்' பற்றி விரிவாக எழுதியவர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, அயல்மொழி மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதை அது குறியீடுகளால் காட்டியது. 1954இல் வெளிவந்த தமது வழிகாட்டி நூலில் அவர் வினை அமைப்புகளை 25 வகைகளாகப் பகுத்தார். வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் கற்பித்தல் முறை 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளிலும் பின்பற்றப்பட்டது.

சரிபார்க்கும் முறை

எழுதிய வாக்கியத்தில் 'இட்' என்பதற்குப் பின் 'இஸ்' சேர்த்துத் தனியே படித்துப் பார்க்கலாம். 'ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு ஸ்பீக்' என்பதிலிருந்து 'இட் இஸ் டிஃபிகல்ட் டு ஸ்பீக்' என்னும் முழு வாக்கியம் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்தால் அமைப்பு சரி. 'ஐ ஃபைண்ட் டிஃபிகல்ட் டு ஸ்பீக்' என்று எழுதியிருந்தால் 'இஸ்' சேர்க்க இடமே இராது. விடுபட்ட சொல் அப்போதே தெரிந்துவிடும். 'ஈஸிலி' என்று எழுதியிருந்தால் 'இட் இஸ் ஈஸிலி' என்று வந்து பிழையைக் காட்டிவிடும்.